பாட்டுப் பெட்டியில் பாட்டியின் பெயர்



இன்று பாட்டுப் பெட்டியைப் பற்றிய பேச்சு. பெட்டி என்றால் பெரிய பெட்டி அல்ல. கையில் தூக்கிக்கொண்டு போகலாம். சில பெட்டிகள் சட்டைப் பையிலும் அடங்கும். ஆயிரக்கணக்கான பாட்டுகள் அதில் இருக்கும். டிஜிட்டல் பாட்டுப் பெட்டி என்று சொல்கிறார்கள். எம்பி3 பிளேயர் என்றும் சொல்கிறார்கள்.

இந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது? வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? அதில் நமக்கு வேண்டிய பாட்டு இல்லாவிட்டால் என்ன செய்வது? இவற்றைத் தெரிந்துகொள்ள ஒரு வீட்டுக்குப் போக வேண்டும்.

காஞ்சிரங்குளத்தில் ஒரு வீடு

காஞ்சிரங்குளம் நெய்யாற்றின்கரை வட்டத்து ஊர். பக்கத்தில் பூவாறு. அங்கேதான் நெய்யாறு கடலில் சேர்கிறது. கிழக்கே போனால் பாறசாலை. அதைத் தாண்டினால் களியக்காவிளை. அது தமிழ்நாடு.

1956 நவம்பர் 1ஆம் தேதி இங்கே மாநில எல்லை வந்தது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் அந்தப் பக்கம் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. இன்றும் பல வீடுகளில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கின்றன.

அப்படி ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு பாட்டி. வயது 78. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருடைய மகளும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். மகள் தொடர்கல்வி மையத்துக்குப் போய் எழுத்துப் படித்தவர். பேத்தி ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். பேரன் வளைகுடா நாட்டில் வேலை செய்கிறான்.

ஓணத்துக்கு ஊருக்கு வந்த பேரன் பாட்டிக்கு ஒரு பாட்டுப் பெட்டி வாங்கி வந்தான். பழைய ரேடியோ போன்ற அமைப்பு. முன்னால் ஒரு திருகு. பக்கத்தில் ஒரு சிறு துளை.

"மக்களே, இதுக்கு வயர் எங்கே?" என்று பாட்டி கேட்டார்.

"வயர் வேண்டாம் பாட்டி. சார்ஜ் ஏத்தி வச்சா போதும். திருகினா பாடும்" என்றான் பேரன்.

திருகினார். பழைய சினிமாப் பாட்டு ஒன்று வந்தது. பாட்டியின் முகம் மலர்ந்தது. அன்றிலிருந்து காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் பெட்டி பாடியது.

பெட்டி வந்த வழி

இந்தப் பெட்டி திடீரென்று வானத்திலிருந்து குதிக்கவில்லை. இதற்கு நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கதை உண்டு.

1902ஆம் ஆண்டு நவம்பர் மாதம். கல்கத்தாவில் ஓர் ஓட்டல் அறை. வெளிநாட்டு கிராமபோன் கம்பெனியார் அங்கே கருவியோடு வந்திருந்தார்கள். கௌஹர் ஜான் என்ற புகழ்பெற்ற பாடகி அவர்கள் முன் பாடினார். சுமார் மூன்று நிமிடம்தான் பாட முடியும். அதற்குமேல் தட்டில் இடம் இல்லை. பாட்டு முடிந்ததும் அவர் தம் பெயரை உரக்கச் சொன்னார்.

ஏன் பெயரைச் சொல்ல வேண்டும்? பாட்டின் பதிவு கப்பல் ஏறி ஜெர்மனி நாட்டுக்குப் போக வேண்டும். அங்கே ஹானோவர் நகரத்தில்தான் இசைத்தட்டு செய்வார்கள். செய்கிறவருக்கு மொழி தெரியாது. பாடியவர் யார் என்றும் தெரியாது. பெயர் இருந்தால்தான் சரியான பெயரைத் தட்டின்மேல் ஒட்ட முடியும்.

இசைத்தட்டுக்குப் பிறகு வானொலி வந்தது. திருவனந்தபுரத்தில் 1943ஆம் ஆண்டு வானொலி நிலையம் வந்தது. திருநெல்வேலியில் 1963ஆம் ஆண்டு வந்தது. வானொலியில் பாட்டு வரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு டேப் வந்தது. விரும்பிய நேரத்தில் கேட்கலாம். 1979ஆம் ஆண்டு ஜப்பானின் சோனி கம்பெனி வாக்மேன் என்ற சிறு கருவியை விற்கத் தொடங்கியது. நடந்துகொண்டே பாட்டுக் கேட்கும் பழக்கம் அதனால் பரவியது.

1998ஆம் ஆண்டு தென்கொரியாவிலிருந்து எம்பி3 பாட்டுக் கருவி வந்தது. அதில் சுமார் அரை மணி நேரப் பாட்டுதான் கொள்ளும். 2001ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆப்பிள் கம்பெனி ஐபாட் என்ற கருவியைக் கொண்டுவந்தது. அதில் ஆயிரம் பாட்டுகள் கொண்டன. பிறகு கைபேசியிலேயே பாட்டுக் கேட்கும் வசதி வந்தது. அதனால் 2022ஆம் ஆண்டு ஐபாடை நிறுத்திவிட்டார்கள்.

அப்படியானால் தனிப் பாட்டுப் பெட்டியின் காலம் முடிந்ததா? இல்லை. 2017ஆம் ஆண்டு இந்தியாவில் சரிகம கம்பெனி கார்வான் என்ற பெட்டியை விற்கத் தொடங்கியது. 1902இல் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிந்த கம்பெனியின் வழியில் வந்ததுதான் இந்தக் கம்பெனி. நாய் படம் போட்ட எச்.எம்.வி. இசைத்தட்டு பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதே கம்பெனிதான்.

கார்வான் பெட்டியில் 5,000 பழைய பாட்டுகளை முன்கூட்டியே நிரப்பிக் கொடுத்தார்கள். முதலில் இந்திப் பாட்டுப் பெட்டி வந்தது. பிறகு தமிழ்ப் பாட்டுப் பெட்டியும் வந்தது. இணையம் வேண்டாம். கைபேசி வேண்டாம். திருகினால் போதும். வயதானவர்களுக்கு வசதியாக இருந்தது. பிள்ளைகள் பெற்றோருக்கு வாங்கிக் கொடுத்தார்கள். அதைப் போன்ற பெட்டிகள் வேறு பலவும் கடைக்கு வந்தன.

இவ்வளவு பாட்டு எப்படி அடங்குகிறது?

பாட்டு என்பது என்ன? காற்றின் அதிர்வு. பாடும்போது தொண்டையில் கை வைத்துப் பாருங்கள். அதிர்வது தெரியும். அந்த அதிர்வு காற்றில் அலையாகப் போகிறது. காதில் படுகிறது.

டிஜிட்டல் முறையில் இந்த அலையை அளந்து எழுதுகிறார்கள். ஒரு வினாடியில் ஒரு தடவை அல்ல, 44,100 தடவை அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவையும் எண்ணாக எழுதுகிறார்கள். அந்த எண்களில் 0, 1 என்ற இரண்டு இலக்கங்கள் மட்டுமே உண்டு. தமிழில் 247 எழுத்துகளைப் படித்தவர்களுக்கு இரண்டு இலக்கம் பெரிய காரியமா? பெட்டி அந்த எண்களைத் திரும்பப் படிக்கிறது. எண் மீண்டும் அதிர்வாகிறது. பாட்டுக் கேட்கிறது.

ஆனால் எழுதுகிற எண்கள் மிக அதிகம். ஐந்து நிமிடப் பாட்டுக்குச் சுமார் 50 மெகாபைட் இடம் வேண்டும். மெகாபைட் என்பது இடத்தின் அளவு. நெல்லுக்கு மரக்கால் போல, டிஜிட்டல் எழுத்துக்கு மெகாபைட். ஆயிரம் மெகாபைட் சேர்ந்தால் ஒரு ஜிகாபைட். அதைச் சுருக்கமாக ஜி.பி. என்பார்கள்.

இடத்தைச் சுருக்க ஒரு வழி கண்டார்கள். கோயிலில் செண்டை முழங்குகிறது. பக்கத்தில் ஒருவர் முணுமுணுக்கிறார். அது காதில் விழுமா? விழாது. காதில் விழாத ஒலியை ஏன் எழுத வேண்டும்? விட்டுவிடலாம். இப்படி விட்டுவிட்டுச் சுருக்கி எழுதும் முறைதான் எம்பி3. ஜெர்மனியின் பிரான்ஹோபர் ஆய்வு நிறுவனத்தார் இந்த முறையை உருவாக்குவதில் முன்னே நின்றார்கள். 1995ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் தேதி அந்தச் சுருக்கப் பெயரை முடிவு செய்தார்கள். இம்முறையில் 50 மெகாபைட் பாட்டு சுமார் 5 மெகாபைட்டில் அடங்கிவிடும். 8 ஜி.பி. அட்டையில் ஐந்து நிமிடப் பாட்டுகள் சுமார் 1,600 கொள்ளும்.

எங்கள் பாட்டு எங்கே?

காஞ்சிரங்குளத்து வீட்டுக்குத் திரும்புங்கள். ஒரு மாதம் போயிற்று. ஒரு நாள் மாலை பாட்டி கேட்டார்:

"மக்களே, இதிலே எல்லாப் பாட்டும் உண்டா?"

"ஆயிரக்கணக்கா உண்டு பாட்டி" என்றாள் பேத்தி.

"எங்க அம்ம அடுப்பங்கரையிலே பாடின பாட்டு உண்டா?"

பேத்தி பதில் சொல்லவில்லை.

பாட்டியின் தகப்பனார் பனை ஏறியவர். அக்கானி இறக்கிக் கொண்டுவருவார். தாயார் அதைக் காய்ச்சுவார். கருப்பட்டி பதம் வரும்வரை அடுப்பை விட்டு எழ முடியாது. வெக்கையில் உட்கார்ந்து பாடிக்கொண்டே கிண்டுவார். மடியில் குழந்தை இருந்தால் தாராட்டும் பாடுவார். பாதி தமிழ், பாதி மலையாளம். கேட்டுக் கேட்டுப் பாட்டிக்கு அது மனப்பாடம் ஆயிற்று. பாட்டி தம் பிள்ளைகளுக்கும் அதையே பாடினார்.

அந்தப் பாட்டு எந்தப் பெட்டியில் இருக்கும்? கம்பெனி பதிந்த பாட்டுதான் கம்பெனிப் பெட்டியில் இருக்கும். அது கம்பெனியின் குற்றம் அல்ல. அடுப்பங்கரைக்கு யார் கருவி கொண்டுபோனார்கள்? கோயில் கொடையில் பாடிய வில்லுப்பாட்டாவது பலர் கேட்டது. இரவிக்குட்டிப்பிள்ளை போர்க் கதையை ஆய்வாளர்கள் ஏட்டிலிருந்து எடுத்து அச்சிட்டார்கள். அடுப்பங்கரைப் பாட்டுக்கு ஏடும் இல்லை, தட்டும் இல்லை.

"பாடிக் காட்டுங்க பாட்டி" என்றாள் பேத்தி.

பாட்டி தொடங்கினார். நான்கு அடி பாடினார். ஐந்தாவது அடி வரவில்லை. மீண்டும் தொடங்கினார். வரவில்லை. "மறந்து போச்சு" என்றார். வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

மகளுக்கு அப்போதுதான் பயம் வந்தது. அம்மாவுக்கு எத்தனை பாட்டுத் தெரியும் என்று இதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. அம்மா மறந்தால் பாட்டும் போய்விடும். கேட்டு வாங்க வேறு வீடு இல்லை.

பாட்டியைப் பதிந்த கதை

மறுநாளே வேலை தொடங்கியது. பேத்தியின் கைபேசியில் ஒலி பதியும் வசதி இருந்தது. மதிய வேளையைத் தேர்ந்தெடுத்தார்கள். மின்விசிறியை நிறுத்தினார்கள். கோழியை வெளியே விரட்டினார்கள். கைபேசியை மெத்தென்ற துணியின்மேல் வைத்தார்கள். பாட்டியின் வாயிலிருந்து ஒரு சாண் தூரம். அழைப்பு எதுவும் வராதபடி இணைப்பைத் துண்டித்து வைத்தார்கள்.

முதல் நாள் இரண்டு பாட்டுகள்தான் வந்தன. கட்டாயப்படுத்தவில்லை. பிறகு ஒருநாள் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார்கள். அந்த வாசனையில் பாட்டிக்கு இன்னொரு பாட்டு நினைவுக்கு வந்தது. மறந்துபோன ஐந்தாவது அடியும் ஒரு நாள் தானாக வந்தது. இரண்டு வாரத்தில் ஒன்பது பாட்டுகள் சேர்ந்தன.

பேத்தி அவற்றைப் பென் டிரைவில் ஏற்றினாள். பெட்டியின் துளையில் செருகினாள். திருகினாள். பெட்டி பாடவில்லை.

பாட்டியின் முகம் வாடியது. "என் பாட்டு அதுக்குப் பிடிக்கல்லே போல" என்றார்.

மகள் கைபேசியை வாங்கிப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் எண்கள் தெரியும். ஒவ்வொரு பாட்டின் பெயருக்குப் பின்னாலும் ஒரு வால் இருந்தது. பெட்டியில் ஓடுகிற மற்றப் பாட்டுகளின் வாலில் 3 என்று இருந்தது. பாட்டியின் பாட்டுகளின் வாலில் 4 என்று இருந்தது.

"மோளே, இது வேறே, அது வேறே. பாரு" என்றார்.

அதுதான் காரணம். பல கைபேசிகள் வேறு முறையில் பாட்டைப் பதிகின்றன. அந்த முறைக்கு எம்4ஏ என்று பெயர். சில பெட்டிகளுக்கு எம்பி3 மட்டும்தான் படிக்கத் தெரியும். மலையாளம் மட்டும் படித்தவர் கையில் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தது போல. முறையை மாற்றிவிட்டால் பெட்டி படிக்கும். மாற்றுவதற்குக் கைபேசியிலேயே செயலி கிடைக்கிறது. பேத்தி மாற்றினாள். மீண்டும் செருகினாள்.

பெட்டியிலிருந்து பாட்டியின் குரல் வந்தது.

பாட்டி சிரித்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க அம்ம குரல் மாதிரி இருக்கு" என்றார்.

பெயர் எழுதுவது

பாட்டைப் பதிந்துவிட்டால் வேலை முடியவில்லை. கைபேசி தானாக ஒரு பெயர் போடும். தேதியும் எண்ணுமாக இருக்கும். பத்து ஆண்டு கழித்து அதைப் பார்க்கிறவருக்கு ஒன்றும் புரியாது.

மகள் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்தார். ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் எண் போட்டார். 01, 02, 03 என்று எழுதினார். பக்கத்தில் பாட்டின் முதல் இரண்டு சொற்களை எழுதினார். பாடியவர் யார், யாரிடம் கற்றார், எந்த வேலையின்போது பாடுவது, பதிந்த தேதி எது என்று எழுதினார். கை மெதுவாகத்தான் ஓடியது. சில சொற்களைப் பேத்தியிடம் கேட்டு எழுதினார். அதே எண்ணையும் பெயரையும் பேத்தி கைபேசியில் பாட்டுக்கு வைத்தாள்.

கௌஹர் ஜானின் கதையைப் பேத்தி பள்ளியில் கேட்டிருந்தாள். "பாட்டு முடிஞ்சதும் நீங்களும் பேர் சொல்லுங்க பாட்டி" என்றாள்.

பாட்டிக்கு வெட்கம் வந்தது. யாரும் அவரிடம் பெயர் கேட்டு வெகுகாலம் ஆயிற்று. இன்னாரின் மனைவி, இன்னாரின் அம்மா, பாட்டி. ஊரில் இப்படித்தான் சொல்வார்கள். ரேஷன் கார்டில் மட்டும் பெயர் இருந்தது.

கடைசிப் பாட்டை மீண்டும் ஒருமுறை பாடினார். முடிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். தம் பெயரைச் சொன்னார். ஊர் காஞ்சிரங்குளம் என்றார். பிறகு யாரும் கேட்காமலே, பாட்டைக் கற்றுக்கொடுத்த தம் தாயாரின் பெயரையும் சொன்னார்.

நினைவில் வைக்க வேண்டியவை

பாட்டுப் பெட்டி வாங்குகிறவர்களும் வைத்திருக்கிறவர்களும் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாங்கும்போது பில் கேளுங்கள். உத்தரவாத அட்டையில் கடைக்காரரின் முத்திரையும் தேதியும் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். பென் டிரைவ் செருகும் துளை இருக்கிறதா, எந்த முறைப் பாட்டுகளைப் படிக்கும் என்று கேளுங்கள். நிரப்பி வரும் பாட்டுகளைப் பல பெட்டிகளில் மாற்ற முடியாது. சொந்தப் பாட்டைச் சேர்க்கத் துளை வேண்டும். கடையில் ஏமாற்றம் நேர்ந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் கூப்பிட்டுச் சொல்லலாம்.

மெமரி கார்டில் போலிகள் உண்டு. 64 ஜி.பி. என்று மேலே அச்சிட்டிருப்பார்கள். உள்ளே 8 ஜி.பி. கூட இருக்காது. மிகவும் மலிவாகக் கொடுத்தால் சந்தேகப்படுங்கள்.

எந்தப் பெட்டியும் ஒரு நாள் கெட்டுப்போகும். பென் டிரைவும் கெட்டுப்போகும். ஆகவே அருமையான பதிவுகளை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். விதை நெல்லை ஒரே குதிரில் வைப்பார்களா? இரண்டு படிகள் எடுங்கள். ஒன்று வீட்டில் இருக்கட்டும். மற்றொன்று வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒரு முறை போட்டுக் கேட்டுப் பாருங்கள்.

காதைக் காப்பாற்றுங்கள். ஒலியை டெசிபல் என்ற அளவால் அளக்கிறார்கள். 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 90 டெசிபல் ஆனால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். அளக்கக் கருவி இல்லாவிட்டால் ஒரு வழி உண்டு. இயர்போனில் பாட்டுக் கேட்கும்போது, கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஒருவர் பேசட்டும். அது காதில் விழவில்லையானால் ஒலி அதிகம். உடனே குறையுங்கள். கெட்டுப்போன காது திரும்பாது. சாலையில் நடக்கும்போது இயர்போன் வேண்டாம்.

சார்ஜ் ஏறும்போது பெட்டியைப் படுக்கையின்மேல் வைக்காதீர்கள். பேட்டரி உப்பினால் உடனே பயன்படுத்துவதை நிறுத்துங்கள். கடற்கரை ஊரில் உப்புக் காற்று அதிகம். ஈரம் படாமல் மூடி வையுங்கள். பழுதான பெட்டியைக் குப்பையில் போடாதீர்கள், எரிக்காதீர்கள். ஹரித கர்ம சேனையினர் வரும்போது கேட்டு ஒப்படையுங்கள்.

சினிமாப் பாட்டுகளுக்கு உரிமையாளர் உண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அவர்களைக் காக்கிறது. திருட்டுத்தனமாக ஏற்றி விற்பது குற்றம். வீட்டுப் பெரியவர்களின் பாட்டுக்கும் மரியாதை உண்டு. பாடியவரின் சம்மதம் இல்லாமல் அதைக் கைபேசி வழியாகப் பலருக்கும் அனுப்பக் கூடாது.

தாய்மார்களே! பெரியோர்களே!

காஞ்சிரங்குளத்துப் பாட்டியின் பெட்டியில் இப்போது கம்பெனி நிரப்பிய பாட்டுகளோடு இன்னும் ஒன்பது பாட்டுகள் பாடுகின்றன. வளைகுடாவில் இருக்கும் பேரன் அவற்றை இரவில் கேட்டுவிட்டுத் தூங்குகிறான். அவனைத் தூங்க வைத்த தாராட்டுதானே!

உங்கள் வீட்டிலும் பாடத் தெரிந்த பெரியவர் இருக்கலாம். பாட்டாக இல்லாவிட்டால் கதையாக இருக்கும், விடுகதையாக இருக்கும், மருந்துக் குறிப்பாக இருக்கும். இன்று வீட்டுக்குப் போனதும் அவர் பக்கத்தில் உட்காருங்கள். கேளுங்கள். பதியுங்கள். முடிவில் அவர் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பெயரை உங்கள் கையால் நோட்டில் எழுதுங்கள்.